பொறியை இயக்கியவர்கள்: பிரிட்டன் அரசும் செயற்கை நுண்ணறிவும்

2023 நவம்பர் 1, 2 தேதிகளில் பிரிட்டன் அரசு, லண்டனுக்கு வடமேற்கே உள்ள பிளெட்ச்லி பார்க் என்ற பழைய மாளிகையில் ஓர் உலக மாநாட்டைக் கூட்டியது. செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பு அதன் பொருள். 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டன. இடத்தேர்வுக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகள் உடைக்கப்பட்ட இடம் அது. ஆலன் டூரிங் பணிசெய்த இடம். இயந்திர அறிவின் தொட்டில் எங்கள் மண்ணில்தான் இருந்தது, எனவே அதை வழிநடத்தும் தகுதியும் எங்களுக்கு உண்டு என்று உலகுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மாளிகை கிடைக்காது.

வகுப்பில் பிளெட்ச்லி பற்றிக் கேட்டால், திரைப்படம் பார்த்த மாணவிகள் டூரிங் பெயரைச் சொல்லிவிடுவார்கள். போர் முடியும் தறுவாயில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் நான்கில் மூவர் பெண்கள் என்று சொன்னால் வியப்பார்கள். அந்தப் பெண்கள் எல்லாம் பிறகு எங்கே போனார்கள் என்பது அவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடுகிறது.

இன்று ஒவ்வொரு அரசும் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு திட்டம் அறிவிக்கிறது. எத்தனை கோடி, எத்தனை சில்லுகள், எத்தனை நிறுவனங்கள் என்று பட்டியல் வருகிறது. பிரிட்டன் அரசு இந்த வேலையை எண்பது ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறது. கணினியை முதலில் இயக்கிய நாடுகளில் ஒன்று அது. தொடங்கியபோது கையில் இருந்த முன்னிலையை அது இழந்தது எப்படி என்று பார்த்தால், பணப்பற்றாக்குறை மட்டும் காரணமாகத் தெரியவில்லை. யாரை ‘அறிந்தவர்’ என்று அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டது, யாரை எழுதாமல் விட்டது என்பதும் காரணம்.

மொழி தெரியாத மொழியறிஞர்

ஜோன் கிளார்க் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றவர். ஆனால் முழுப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு முழுப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை மறுத்தது. 1940இல் பிளெட்ச்லிக்கு வந்தவர், டூரிங் இருந்த எட்டாம் குடிலில் ஜெர்மன் கடற்படைச் செய்திகளை உடைக்கும் வேலையில் சேர்ந்தார். செய்தது கணிதவியலாளரின் வேலை. ஆனால் பெண்ணுக்கு அந்த ஊதியம் தருவதற்கு உரிய பணிநிலை அரசுப் பதிவேட்டில் இல்லை. அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊதியத்தை உயர்த்துவதற்காக அவரை ‘மொழியறிஞர்’ என்ற பணிநிலைக்கு மாற்றினார்கள். அவருக்கு வேறு மொழி எதுவும் தெரியாது. படிவங்களை நிரப்பும்போது பணிநிலை என்ற கட்டத்தில் மொழியறிஞர் என்றும், தெரிந்த மொழிகள் என்ற கட்டத்தில் ஏதுமில்லை என்றும் எழுதுவதை அவர் ரசித்தார் என்பது பின்னாளில் பலரும் சொல்லும் செய்தி.

சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் அரசுக்கும் பெண்ணறிவுக்கும் உள்ள உறவு முழுவதும் அந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கியிருக்கிறது. வேலை தேவைப்படுகிறது, செய்பவளும் தேவைப்படுகிறாள், அவளுக்குப் பெயர் மட்டும் இல்லை.

1944 தொடக்கத்தில் கொலோசஸ் என்ற மின்னணுப் பொறி பிளெட்ச்லியில் இயங்கத் தொடங்கியது. அஞ்சல்துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்தது. போர் முடிவதற்குள் அப்படிப் பத்துப் பொறிகள் வந்துவிட்டன. அவற்றை இரவும் பகலும் இயக்கியவர்கள் ‘ரென்’ எனப்பட்ட கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். நாடாவைப் பொருத்துவது, சுவிட்சுகளை அமைப்பது, வரும் எண்ணிக்கையைப் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுப்பது என்று பொறியோடு பொறியாக அவர்கள் வாழ்ந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலான பொறிகள் உடைக்கப்பட்டன. அந்த வேலை பற்றி ஒரு சொல்லும் வெளியே வரக்கூடாது என்பது கட்டளை. 1970களின் நடுப்பகுதி வரை கொலோசஸ் என்ற ஒன்று இருந்ததே உலகுக்குத் தெரியாது. உலகின் தொடக்ககால மின்னணுக் கணினியை இயக்கிய பெண்கள், அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தை எழுதிக்கொள்ளவும் முடியவில்லை.

டூரிங்கையும் அந்த அரசு விட்டுவைக்கவில்லை. 1950இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை ஒரு விளையாட்டாக மாற்றுகிறது. இப்போது அந்த விளையாட்டை மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான போட்டியாகவே சொல்கிறோம். அவர் தொடங்கியது வேறிடத்தில். ஓர் ஆண், ஒரு பெண், வேறு அறையில் கேள்வி கேட்பவர் ஒருவர். எழுத்தில் வரும் பதில்களை மட்டும் வைத்து, யார் பெண் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன்பிறகு ஆணின் இடத்தில் இயந்திரத்தை வைத்துப் பார்க்கிறார். பால் என்பதே பிறர் நம்பும்படி நடித்துக்காட்டக்கூடிய ஒன்றுதானோ என்ற ஐயம் செயற்கை நுண்ணறிவின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் தன்பால் உறவுக்காக அவர்மீது வழக்குத் தொடர்ந்து, ஹார்மோன் ஊசிக்கு உட்படுத்தியது அதே அரசு. 1954இல் அவர் இறந்தார்.

ஒப்பிட ஆண் இல்லாத வேலை

போருக்குப் பிறகு பிரிட்டன் அரசு விரிந்தது. ஓய்வூதியம், வரி, மருத்துவச் சேவை, காப்பீடு என்று மலைபோல் கணக்குகள். துளையிட்ட அட்டைப் பொறிகளும் பிறகு கணினிகளும் அரசு அலுவலகங்களுக்குள் வந்தன. அவற்றை இயக்க ‘பொறி இயக்குநர்’ என்ற தனிப் பணிப்பிரிவு வளர்ந்தது. அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். திருமணம் ஆனால் அரசுப்பணியை விட வேண்டும் என்ற விதி 1946இல் நீங்கியது. எதிர்பார்ப்பு நீங்கவில்லை. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவார்கள் என்ற கணக்கிலேயே அவர்களை எடுத்தார்கள். எனவே பதவி உயர்வு என்ற பேச்சுக்கு இடமில்லை.

1955இல் அரசு ஊழியரான பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் தரப்படும் என்று முடிவானது. படிப்படியாக உயர்த்தி 1961இல் அது முழுமைபெற்றது. பல்லாண்டுப் போராட்டத்தின் வெற்றி. ஆனால் பொறி இயக்குநர்களுக்கு அது கிட்டவில்லை. சம ஊதியம் என்றால் அதே வேலையைச் செய்யும் ஆணின் ஊதியத்துக்குச் சமம் என்று பொருள். இந்தப் பிரிவிலோ ஒப்பிட ஆணே இல்லை. பெண்கள் மட்டுமே செய்வதால் இது பெண்களின் வேலை, பெண்களின் வேலை என்பதால் இதற்குரிய ஊதியம் இதுதான் என்று கதவை மூடிவிட்டார்கள்.

இந்த வரலாற்றை அரசு ஆவணங்களிலிருந்து தோண்டியெடுத்தவர் மார் ஹிக்ஸ். 2017இல் வெளிவந்த நூலில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி மனதைவிட்டு அகலவில்லை. 1959இல் அரசின் முதன்மைக் கணினி மையம் ஒன்றில் ஒரு பெண் நிரலாளர் ஓராண்டு முழுக்கத் தன் வேலையைச் செய்துகொண்டே புதிதாக வந்த இருவருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்குக் கணினி பற்றி முன்பின் எதுவும் தெரியாது. ஆண்டு முடிந்ததும் அந்த இருவரும் நிர்வாகப் பொறுப்புக்கு உயர்ந்தார்கள். கற்றுக்கொடுத்தவர் அவர்களுக்கு உதவியாளராகக் கீழிறக்கப்பட்டார்.

அரசு திடீரென்று அந்த ஆண்களைத் தேடியதற்குக் காரணம் உண்டு. கணினி வெறும் கூட்டல் பொறியாக இருந்தவரை அதை யார் இயக்கினாலும் பரவாயில்லை. அது ஆட்சியை நடத்தும் கருவி என்று தெரிந்ததும், அதன் அருகில் அதிகாரிகளாக வரக்கூடியவர்கள் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1963 அக்டோபரில் தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் ஸ்கார்பரோ நகரில் அறிவியல் புரட்சியின் வெப்பத்தில் புதிய பிரிட்டன் உருவாகும் என்று முழங்கினார். 1964இல் ஆட்சிக்கு வந்ததும் தொழில்நுட்பத்துக்கென்று தனி அமைச்சகம் அமைத்தார். எதிர்காலம் பற்றிய அந்தச் சொல்லாடலில், பொறிக்கு முன்னால் ஏற்கெனவே அமர்ந்திருந்த பெண்கள் இடம்பெறவில்லை.

ஸ்டீவ் என்ற கையெழுத்து

அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு ஒரு சான்று ஸ்டெஃபனி ஷெர்லி. 1933இல் ஜெர்மனியில் பிறந்து, 1939இல் யூதக் குழந்தைகளை ஏற்றிவந்த ரயிலில் ஐந்து வயதில் இங்கிலாந்து வந்தவர். கொலோசஸ் உருவான அதே டாலிஸ் ஹில் அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் வேலை கற்றார். 1962இல் ஆறு பவுண்டு முதலோடு தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நிரலாக்க நிறுவனத்தைத் தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையைவிட்ட பெண் நிரலாளர்களைத் தேடிப்பிடித்து, வீட்டிலிருந்தே வேலை செய்யக் கொடுத்தார். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது இவர்கள்தான்.

தொடக்கத்தில் நிறுவனங்களுக்கு ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி ‘ஸ்டீவ்’ என்று எழுதினார். பதில்கள் வரத்தொடங்கின. நாட்டில் நிரலாளர்களே கிடைக்கவில்லை என்று அரசும் தொழில்துறையும் புலம்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தது இது. தட்டுப்பாடு இருந்தது உண்மை. அந்தத் தட்டுப்பாட்டை உருவாக்கியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அரசு தேடிய விடை வேறு. பயிற்சிபெற்ற ஆண்கள் போதவில்லை, வந்தவர்களும் நிலைக்கவில்லை. அப்படியென்றால் குறைந்த ஆட்களைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நடத்தக்கூடிய மாபெரும் கணினிகள் வேண்டும். 1968இல் அரசின் தூண்டுதலாலும் பணத்தாலும் நாட்டின் கணினி நிறுவனங்கள் இணைந்து ஐ.சி.எல் என்ற ஒரே பெருநிறுவனம் ஆயின. அரசு கேட்ட வகையிலான பெரிய கணினிகளை அது உருவாக்கிக் கொண்டுவந்தபோது 1970களின் நடுப்பகுதி வந்துவிட்டது. உலகமோ சிறிய, பரவலான கணினிகளை நோக்கி நகர்ந்திருந்தது. ஐ.சி.எல் தேய்ந்தது. 1990இல் அதன் 80 விழுக்காட்டுப் பங்குகளை ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்கியது. பெண்களை ஒதுக்கியதால் அவர்களுக்கு மட்டும் இழப்பு நேரவில்லை, ஒரு நாட்டின் தொழிலே அதனால் சரிந்தது என்பது ஹிக்ஸ் முன்வைக்கும் வாதம். அமெரிக்கப் போட்டியும் சந்தையின் சிறுமையும் சேர்ந்தே அந்தத் தொழிலை வீழ்த்தின என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அரசே தன் கைகளை வெட்டிக்கொண்டு பிறகு கையில்லாமல் இயங்கும் பொறி வேண்டும் என்று கேட்டது என்பதை அந்த ஆவணங்களைப் பார்த்தபின் மறுக்க முடியாது.

ஓர் அறிக்கை, ஒரு மேடை

கணினியில் இப்படி நடந்ததென்றால் செயற்கை நுண்ணறிவில் வேறு விதமாக நடந்தது. அங்கே முதலில் ஆர்வம், பிறகு புறக்கணிப்பு, பிறகு பதற்றம்.

1960களில் எடின்பரோவில் டொனால்ட் மிச்சி தலைமையில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு செழித்தது. மிச்சியும் பிளெட்ச்லியில் இருந்தவர். அவர் குழுவின் ‘ஃபிரெடி’ என்ற ரோபோ பொம்மை வண்டியின் பாகங்களைப் பொறுக்கிப் பூட்டியது. இந்தத் துறைக்குப் பணம் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, நாட்டின் அறிவியல் ஆய்வுக்குழு, ஜேம்ஸ் லைட்ஹில் என்ற கணிதவியலாளரிடம் அறிக்கை கேட்டது. அவர் பாய்ம இயக்கவியலில் மேதை, இந்தத் துறைக்கு வெளியாள். 1973இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, பொது அறிவுடைய ரோபோ என்ற கனவு நிறைவேறவில்லை என்றது. சாத்தியங்கள் பெருகப்பெருகக் கணக்கு வெடித்துப்போகும் என்ற தொழில்நுட்பக் காரணம் சரியானது. இடையில் வேடிக்கையான ஊகம் ஒன்றையும் அவர் சேர்த்திருந்தார். பிள்ளை பெற முடியாத ஏக்கத்தை ஈடுசெய்யவே ஆண்கள் ரோபோ செய்கிறார்களோ என்னவோ என்கிறார். ரோபோக்கள் கட்டைகளை அடுக்குகின்றன, புதிர் விடுவிக்கின்றன, ஆனால் குழந்தையுலகின் உணர்ச்சிச் செழுமை அவற்றில் அறவே இல்லை. ஆண் பார்க்கும் குழந்தையுலகம் அதுதானே என்று அதற்கு ஒரு சான்றும் தருகிறார்.

நகைச்சுவையாக எழுதியதாகவே இருக்கட்டும். அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை தப்பித்து வந்துவிட்டது. அறிவு என்றால் சதுரங்கம், புதிர், கட்டை அடுக்குதல் என்று யார் தீர்மானித்தது? அழும் குழந்தைக்குப் பசியா வலியா என்று குரலிலிருந்து பிரித்தறிவது அறிவில் சேராதா? லைட்ஹில் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார். அறிக்கையை ஒட்டி ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடந்த விவாதத்தை பிபிசி ஒளிபரப்பியது. லைட்ஹில் ஒருபுறம், மிச்சி, ரிச்சர்ட் கிரிகரி, ஜான் மெக்கார்த்தி மறுபுறம். மேடையில் வாதிட்ட நால்வரும் ஆண்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்த ஆய்வுக்கான அரசுப் பணம் வற்றியது.

சொற்களை எண்ணிய பெண்கள்

அந்த மேடையில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் மார்கரெட் மாஸ்டர்மன். தத்துவவாதி விட்கன்ஸ்டைனின் மாணவி. 1950களின் நடுவில் கேம்பிரிட்ஜ் மொழி ஆய்வு அலகு என்ற சிறு குழுவை நிறுவி, எந்திர மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். பல்கலைக்கழகத் துறை என்ற தகுதி அதற்கு இல்லை. கிடைத்த நல்கையை வைத்து, அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து, குழுவை நடத்தினார். இலக்கணத்தை முதலில் கற்றுக்கொடுத்தால் இயந்திரம் மொழியைப் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்பிய காலத்தில், பொருள்தான் முதலில் என்று அவர் வாதிட்டார். சொற்களைப் பொருள்வகையாகத் தொகுத்த ரோஜேயின் சொற்களஞ்சியத்தைக் கணினிக்கு ஊட்டினார். திவாகரமும் பிங்கலமும் படித்த நமக்கு இந்த யோசனை அந்நியமாகத் தோன்றாது. நிகண்டுகள் அகரவரிசைக்கு முன்பே பொருள்வரிசையில் சொற்களை அடுக்கியவை. 1968இல் லண்டனில் நடந்த ‘சைபர்னெட்டிக் செரன்டிபிட்டி’ கண்காட்சியில், பார்வையாளர் சொற்களைத் தேர்ந்தெடுக்க, கணினி ஹைக்கூ அமைக்கும் ஏற்பாட்டையும் அவர் குழு வைத்தது. கணினி கவிதை எழுதுமா என்று இன்று நாம் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கேம்பிரிட்ஜில் கல்லூரிப் பதவி கிடைக்காத பெண் ஆய்வாளர்கள் ஒன்றுகூடிச் சாப்பிடத் தொடங்கி, அதிலிருந்து 1965இல் லூசி கேவண்டிஷ் கல்லூரி பிறந்தது. நிறுவிய மூவரில் மாஸ்டர்மன் ஒருவர்.

அவருடைய அலகில் வேலை கற்றவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1972இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையின் கருத்து மிக எளியது. எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லே தேடுபவருக்கு வழிகாட்டும். ‘என்று’ என்ற சொல்லை வைத்து ஒரு நூலைத் தேட முடியாது, ‘குறிஞ்சிப்பூ’ என்ற சொல்லை வைத்துத் தேடலாம். அப்படிச் சொல்லுக்குச் சொல் எடை கொடுக்கும் முறையை அவர் வகுத்தார். பின்னால் வந்த தேடுபொறிகள் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தன.

1982இல் ஜப்பான் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியதும் பிரிட்டன் அரசுக்குப் பதற்றம் வந்தது. 1983இல் ஆல்வி திட்டம் பிறந்தது. அரசுப்பணம் 200 மில்லியன் பவுண்டு, தொழில்துறையின் பங்கு 150 மில்லியன். லைட்ஹில்லுக்குப் பிறகு ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பெயருக்கே மதிப்பில்லாமல் போனதால் ‘அறிவுசார் நுண்ணமைப்புகள்’ என்பதுபோல் வேறு பெயர் சூட்டினார்கள். பத்தாண்டுக்கு முன் கலைத்த ஆய்வுக்குழுக்களை மறுபடியும் தேட வேண்டியிருந்தது. ஸ்பார்க் ஜோன்ஸ் அந்தத் திட்டத்துக்குத் தன் உழைப்பைக் கொடுத்தார். நாட்டுக்கு ஆலோசனை சொன்ன அந்த அறிஞர் அப்போதும் குறுகியகால ஒப்பந்தங்களில்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பேராசிரியர் பதவி 1999இல் வந்தது, ஓய்வுபெறுவதற்கு மூன்றாண்டு முன்னால். கௌரவ விரிவுரையாளர்களாகப் பல்லாண்டு உழைக்கும் நம் தோழிகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

ஆல்வி திட்டம் நல்ல ஆய்வாளர்களை உருவாக்கியது. சந்தையில் பெரிதாக எதுவும் விளையவில்லை. ஐந்தாண்டில் முடிந்தது. பணத்தைக் கொட்டுவது, நிறுத்துவது, மறுபடி கொட்டுவது என்று பத்தாண்டுக்கு ஒருமுறை மனம் மாறும் அரசிடம், நிலையான பதவி இல்லாதவர்களே முதலில் உதிர்கிறார்கள். அந்தப் பட்டியலில் பெண்கள் அதிகம்.

பொறியின் சொல்லும் மனிதரின் சொல்லும்

இதுவரை பார்த்தது பொறியை ஆக்கியவர்கள், இயக்கியவர்களின் கதை. பொறியின் முடிவுக்கு ஆட்படுபவர்களின் கதை இன்னொன்று. அரசு செயற்கை நுண்ணறிவைக் கைக்கொள்வது என்றால் கடைசியில் அது ஒரு குடிமகளின் உதவித்தொகையிலோ விசாவிலோ மதிப்பெண்ணிலோ வந்து முடியும்.

2020இன் கோடைக்காலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம், வேலைக்குப் போகும் தனித்தாய்மார் நால்வர் அரசுக்கு எதிராக மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். உதவித்தொகையைக் கணக்கிடும் தானியங்கி முறை மாதத்தின் குறிப்பிட்ட நாளில் தொடங்கி முடியும். விடுமுறையை ஒட்டி ஊதியம் ஓரிரு நாள் முன்னதாக வந்துவிட்டால், ஒரே மாதத்தில் இரண்டு ஊதியம் வாங்கியதாக அது எடுத்துக்கொண்டு உதவியை வெட்டிவிடும். காலண்டரைப் பார்த்தால் எவருக்கும் புரியும் பிழை. மாற்றுவது செலவு, தானியங்கி முறை குலையும் என்று வாதிட்டது அரசு. இது பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்றது நீதிமன்றம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில், விசா விண்ணப்பங்களைத் தரம்பிரித்த நெறிமுறையை உள்துறை கைவிட்டது. விண்ணப்பதாரரின் நாட்டை வைத்தும் அது பாகுபடுத்தியது என்று குடியேறிகளுக்கான அமைப்பு வழக்குத் தொடுத்திருந்தது. ஆகஸ்ட் 11 அன்று தெற்கு வேல்ஸ் காவல்துறை முகமறியும் கருவியைப் பயன்படுத்தியது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம் நமக்கு முக்கியம். கருவி இனத்தின் அடிப்படையிலோ பாலின் அடிப்படையிலோ ஓரவஞ்சனை செய்யாது என்று காவல்துறை தானே சரிபார்க்கவில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அந்தக் கடமையைப் பொது அமைப்புகள்மீது சுமத்துகிறது. விற்றவர் சொன்னதை நம்பினோம் என்பது போதாது. இரண்டு நாள் கழித்துப் பள்ளி இறுதித்தேர்வு மதிப்பெண்கள் வந்தன. பெருந்தொற்றால் தேர்வு நடக்காததால் ஒரு நெறிமுறை மதிப்பெண் போட்டது. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கணித்த மதிப்பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று அரசு பின்வாங்கியது.

எதிர்க்க முடிந்தவர்களின் கதை இது. முடியாமல் போனவர்களின் கதை அஞ்சலகத்தில் நடந்தது. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நுழைந்தது. அதைக் கொடுத்தது, ஃபுஜிட்சு கைக்குப் போயிருந்த அதே ஐ.சி.எல். பணம் குறைகிறது என்று பொறி சொன்னது. நான் எடுக்கவில்லை என்று கிளையை நடத்தியவர்கள் சொன்னார்கள். பொறியை நம்பினார்கள். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெண்கள், தெற்காசியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அவர்களில் பலர். கருவுற்றிருந்த ஒரு பெண் 2010இல் சிறைக்குப் போனார். முன்பு கணினிச் சான்றை ஏற்க வேண்டுமென்றால் அந்தக் கணினி சரியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஹொரைசன் நுழைந்த அதே 1999இல் நிறைவேறிய ஒரு சட்டம் அதை நீக்கிவிட்டது. பொறி சரியாகவே இயங்கும் என்பது இயல்பான அனுமானமாயிற்று. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஹொரைசன் செயற்கை நுண்ணறிவு ஆகாது, சாதாரணக் கணக்கு மென்பொருள். கூட்டல் கணக்கிலேயே பொறியின் சொல்லுக்கு எதிராக மனிதரின் சொல் எடுபடவில்லை என்றால், எப்படி முடிவெடுத்தேன் என்று சொல்லத் தெரியாத பொறியின்முன் என்ன ஆகும்?

தில்லிக்கு வந்த மாநாடு

பிரிட்டன் அரசு 2025 ஜனவரியில் புதிய செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 50 பரிந்துரைகள். பொதுத்துறையின் கணிப்பாற்றலை 2030க்குள் 20 மடங்காக்குவது அவற்றில் ஒன்று. பிளெட்ச்லியில் தொடங்கிய மாநாட்டு வரிசை சோல், பாரிஸ் வழியாகப் புதுதில்லிவரை நீண்டது. இந்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. அதன் முதன்மையான கூறுகளில் ஒன்று, சில்லுகளைத் திரட்டிக் கணிப்பாற்றலைப் பெருக்குவது. அதனால்தான் பிரிட்டன் வரலாற்றை நாம் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் அங்கன்வாடிக்குள் போய்ப் பாருங்கள். குழந்தையின் எடையையும் உயரத்தையும் கைபேசிச் செயலியில் பதிவு செய்பவர் அங்கன்வாடிப் பணியாளர். சத்துணவுப் பொருள் வாங்க வரும் தாயின் முகத்தைச் செயலிக்குக் காட்டிச் சரிபார்ப்பவரும் அவரே. முகமறியும் தொழில்நுட்பம் இந்த நாட்டின் ஏழைத் தாயை முதலில் சந்திப்பது அவர் கையில்தான். அரசின் பதிவேட்டில் அவருக்கு என்ன பெயர்? மதிப்பூதியம் பெறும் தன்னார்வப் பணியாளர். வாங்குவது ஊதியம் என்ற பெயரில் வராது. ஒப்பிட ஆண் இல்லாத அந்தப் பழைய பிரிட்டன் பணிப்பிரிவை நினைத்துப் பாருங்கள்.

ஓர் அரசு செயற்கை நுண்ணறிவை எப்படி வளர்க்கலாம் என்ற கேள்விக்கு இந்த எண்பது ஆண்டுகள் சில பதில்கள் வைத்திருக்கின்றன. பொறியை வாங்குமுன், அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவர்கள் யார் என்று எழுதுங்கள். அவர்களுக்குப் பணிநிலையும் ஊதியமும் உயரும் வழியும் கொடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆலோசகருக்கும் தெரியாது. ஆய்வுக்கு ஐந்தாண்டுப் பரபரப்பு வேண்டாம், நிலையான பதவிகள் வேண்டும், தமிழ் போன்ற மொழிகளில் உழைப்பவர்களுக்கும் வேண்டும். கருவி பெண்களையும் சிறுபான்மையினரையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் எப்படி நடத்துகிறது என்று பயன்படுத்துவதற்கு முன்பே அரசே சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். எந்தெந்தத் துறை எந்தெந்தக் கருவியைக் கொண்டு முடிவெடுக்கிறது என்ற பட்டியல் பொதுவெளியில் இருக்க வேண்டும். பிரிட்டன் அரசே இத்தகைய பதிவுமுறை ஒன்றை 2021இல் வகுத்தது. பொறி தவறு என்று சொல்லும் பெண்ணிடம் நிரூபி என்று கேட்காமல், பொறி சரி என்று அரசு நிரூபிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் சில்லுகள் வாங்கும் அளவுக்குப் பணம் தேவையில்லை. தேவைப்படுவது பதிவேட்டில் ஒரு புதிய கட்டம். ஜோன் கிளார்க்கை மொழியறிஞர் என்று எழுதிய அதிகாரிக்கு, அவர் கணிதவியலாளர் என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை எழுத அப்போது இடமில்லை. திட்டங்கள் இப்போதுதான் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளர் சங்கங்களும் பெண் ஆய்வாளர்களும் மாணவிகளும் அந்தக் கட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் இது.